வாய்க்கு ஒரு வேலை





எங்கள் வீட்டுக் கூடத்தில், சன்னலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. அப்பா உட்கார்ந்து செய்தித்தாள் படித்த நாற்காலி. அவர் போய் ஆறு வருடமாகிறது. நாற்காலியை நாங்கள் இடம் மாற்றவில்லை. தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தபோது, அதன் வலது கைப்பிடியில் சுற்றியிருந்த பிரம்புப் பட்டை முழுக்க அவிழ்ந்து, சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. உள்ளே இருந்த தடிப் பிரம்பு நார் நாராகப் பிரிந்திருந்தது. பக்கத்திலேயே, மூக்கு நுனியில் ஒட்டிய பிரம்புத் தூளோடு, வாலை ஆட்டியபடி பொரி நின்றாள்.

பொரி எங்கள் வீட்டு நாய்க்குட்டி. எங்கள் தெருமுனையில் ஒரு நாட்டு நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்று. கார்த்திகை தீபத்தன்று, இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அம்மா பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மகள் அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

நாற்காலியைப் பார்த்ததும் நான் சத்தம் போட்டேன். அதைக் காட்டிக் காட்டித் திட்டினேன். பொரி காதுகளை மடக்கிக்கொண்டாள். வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினாள். "பாரும்மா, செஞ்சது தப்புன்னு அவளுக்கே தெரியுது" என்றேன். உள்ளறையில் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து வந்த அம்மா, நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைலேருந்து மாடியில கட்டிப் போடு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே சோபா குஷன் ஒன்று பஞ்சு பஞ்சாகப் பறந்தது. கால்மிதியின் ஓரம் போயிற்று. வாசல் திரைச்சீலை ஒரு முழம் குறைந்தது. மகளின் பள்ளிக்கூட ஷூவில் ஒன்று தோல் உரிந்து கிடந்தது. நாய்க்குட்டி வளர்க்கும் எந்த வீட்டிலும் இந்தப் பட்டியல் இருக்கும். பொருள்களின் பெயர் மட்டும் மாறும். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த வீடுகளுக்காக எழுதுகிறேன். பொரியோடு கழிந்த அந்த நான்கைந்து மாதங்களில் கற்றுக்கொண்டதை, இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஒருவருக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

தடுப்பூசிக்காகப் போனபோது கால்நடை மருத்துவரிடம் நாற்காலிக் கதையைச் சொன்னேன். அவர் பொரியை மேசையில் நிறுத்தி, மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, முன்பல் ரெண்டு விழுந்து புதுசு எட்டிப் பார்க்குது. ஈறு எப்படிச் செவந்திருக்கு! நீங்க அடம்னு நெனைக்கிறீங்க. பாப்பாவுக்குப் பல் மாறுதுங்க" என்றார்.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. பிறந்த மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் வாய் நிறைந்துவிடும். ஊசி போலக் கூர்மையான பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் முதலில் முன்பற்கள் விழும். பிறகு கோரைப்பற்கள். அதன்பின் கடைவாய். ஆறு, ஏழு மாதம் ஆகும்போது 42 நிலைப் பற்கள் வந்து சேர்ந்திருக்கும். நம் குழந்தைகளுக்கு ஆறு வயதில் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் நிதானமாக நடக்கும் காரியம், நாய்க்குட்டிக்கு மூன்று நான்கு மாதத்தில் நடந்து முடிகிறது. ஈறு முழுக்க ஒரே நேரத்தில் ஊறலும் வலியும். எதையாவது வைத்து அழுத்திக் கடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கிறது. பல் முளைக்கிற குழந்தைக்கு நாம் ரஸ்க்கைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதில்லையா? பொரிக்கு யாரும் ரஸ்க் கொடுக்கவில்லை. அவள் உயரத்துக்கு எட்டியது நாற்காலியின் கைப்பிடி. அவ்வளவுதான் நடந்தது.

பல் மாறுவது ஒரு காரணம். அது ஒன்றே காரணமும் அல்ல. குட்டிக்கு வாய்தான் கை. புதிய பொருளை நாம் தொட்டுப் பார்ப்போம், புரட்டிப் பார்ப்போம். அது கவ்வித்தான் பார்க்க வேண்டும்: மெத்தென்று இருக்கிறதா, கிழிகிறதா, சத்தம் போடுகிறதா என்று. அதனால்தான் நிலைப் பல் வந்த பிறகும் ஒரு வயது, சில நாய்களில் அதற்கு மேலும், இந்தக் கடி தொடர்கிறது. லேப்ரடார் போன்ற நாய்கள் வேட்டையில் விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. வாயில் ஏதாவது இருந்தால்தான் அவற்றுக்கு நிம்மதி. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கரிசல் காட்டில் ஓடி வேட்டையாடிய இனங்கள். அவற்றை இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைத்தால், கால்களுக்குக் கிடைக்காத வேலையை வாய் தேடிக்கொள்ளும்.

இன்னொரு காரணத்தையும் மருத்துவர் சொன்னபோதுதான் யோசித்தேன். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கி நடத்தக் கூடாது. பார்வோ போன்ற கொடிய நோய்கள் தொற்றும். ஆக, பல் மாறத் தொடங்கும் நேரத்தில், துறுதுறுப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், குட்டி நான்கு சுவருக்குள் இருந்தாக வேண்டியிருக்கிறது. வெளி உலகம் மூடியிருக்கும்போது அதன் உலகம் உங்கள் கூடம்தான். அந்த நாட்களில் பொரியைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். காய்கறி வண்டியும் பள்ளி வேனும் போவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிடம் அப்படி நின்றுவிட்டு வந்தாலே அவள் களைத்துப்போய்ப் படுத்துவிடுவாள்.

இங்கே அந்தக் 'குற்ற உணர்ச்சி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது மடக்கி, வாலைச் செருகி, முகம் திருப்பி நின்ற அந்தக் கோலத்தைத்தான் நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. 14 நாய்களின் சொந்தக்காரர்களிடம், ஒரு தின்பண்டத்தைக் காட்டி 'தொடாதே' என்று நாயிடம் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறச் சொன்னார். அவர்கள் திரும்பி வந்ததும் சில தடவை நடந்ததை உள்ளபடி சொன்னார். சில தடவை தின்னாத நாயைத் தின்றதாகச் சொன்னார். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றப் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை. தின்றதாகக் கேள்விப்பட்ட சொந்தக்காரரிடம் எந்த நாய் திட்டு வாங்கியதோ, அதனிடம்தான் அந்தப் பார்வை வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

படித்தபோது மனம் கனத்தது. பொரி அன்றைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைக் கண்டு பயந்தாள். அவள் நாற்காலியைக் கடித்தது மத்தியானம். நான் கத்தியது சாயங்காலம். இரண்டையும் முடிச்சுப் போட அவளால் முடியாது. வாசல் கதவு திறந்தால் சத்தம் வரும் என்பது ஒன்றுதான் அன்று அவளுக்குப் புரிந்திருக்கும். கிழிந்த குஷனிடம் இழுத்துப்போய் மூக்கைத் தேய்ப்பது, செருப்பால் அடிப்பது, செய்தித்தாளைச் சுருட்டி ஓங்குவது எல்லாம் நம் ஊரில் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன. கைக்குப் பயந்த குட்டி கடிப்பதை நிறுத்தாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, நாம் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கும். சில குட்டிகள் வளர்ந்த பிறகு ஓங்கும் கையையே கடிக்கும்.

சரி, என்னதான் செய்வது? எங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன்.

முதலில், முட்டி போடுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கூடத்தில் மண்டியிட்டுக் குட்டியின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். நின்றால் கண்ணில் படாதவை எல்லாம் அப்போது தெரியும்: சோபாவுக்கு அடியில் தொங்கும் துணி, மேசைக்குப் பின்னால் ஓடும் ஒயர், கீழ்த்தட்டில் அடுக்கிய புத்தகங்கள், கொடியிலிருந்து தரையைத் தொடும் புடவைத் தலைப்பு. தூக்கி வைக்க முடிந்ததைத் தூக்கி வையுங்கள். திரைச்சீலையை முடிச்சுப் போட்டு உயர்த்துங்கள். செருப்புகளை மூடுகிற அலமாரிக்குள் வையுங்கள். அப்பாவின் நாற்காலி நான்கு மாதம் மாடி அறையில் பூட்டிக் கிடந்தது. பத்தமடைப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டோம். குட்டிக்கு எட்டாத பொருள் கடிபடாது. கடித்துப் பழகாத பொருள்மேல் பின்னால் ஆசையும் வராது. தவழும் குழந்தை வந்ததும் நாம் வீட்டை இப்படித்தானே மாற்றினோம்?

முழு வீட்டையும் ஒதுக்க முடியாதவர்கள், குட்டிக்கு ஒரு மூலையை ஒதுக்கலாம். அங்கே அதன் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்கும் பொருள்கள். குறுக்கே ஒரு தட்டி. நாம் கண் வைத்திருக்க முடியாத நேரத்தில் குட்டி அங்கே இருக்கட்டும். தண்டனையாக அங்கே தள்ளாதீர்கள். தின்பண்டம் போட்டு, தட்டிக்கொடுத்து, அந்த இடத்தை அதற்குப் பிடித்த இடமாக்குங்கள்.

இரண்டாவது, அந்த வாய்க்கு ஒரு வேலை கொடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 'கடிக்காதே' என்பதை எந்தக் குட்டியாலும் கடைப்பிடிக்க முடியாது. 'இதைக் கடி' என்பதை எல்லாக் குட்டிகளும் கற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாய். கல்லைக் கடித்துக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டது. மார்க்கம் ஒரு நாள் தன் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுது பார்க்கும்போது, கல்லை விட்டுவிடட்டும் என்று வேனின் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கனமான ரப்பர் துண்டு ஒன்றை ஃபிரிட்ஸ் விடவே இல்லை. கடித்தால் அமுங்கியது, தூக்கிப்போட்டால் கோணல்மாணலாகத் துள்ளியது, பல்லுக்கும் இதமாக இருந்தது. அந்த வடிவத்தை வைத்து அவர் உருவாக்கியதுதான் இன்று 'காங்' என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் உள்ளீடற்ற ரப்பர் பொம்மை. தன் நாயை அடிக்கவோ கட்டிப்போடவோ செய்யாமல், 'கல்லுக்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம்' என்று ஒரு மனிதர் யோசித்ததால் பிறந்த பொருள் அது.

எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் சரி, குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில், கெட்டியான ரப்பரில், நடுவில் குழிவுள்ள பொம்மை ஒன்று வாங்குங்கள். அந்தக் குழிவுக்குள் உப்பும் தாளிப்பும் சேர்க்காத தயிர்சாதத்தையோ, வேகவைத்து மசித்த பூசணியையோ, அதன் வழக்கமான உணவையோ அடைத்து, உறைய வைத்துக் கொடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டையே அப்படிக் கொடுக்கலாம். தட்டில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தீரும் சாப்பாடு, இப்படி அரைமணி நேரம் ஓடும். நக்கியும் கடித்தும் குடைந்தும் முடிப்பதற்குள் குட்டிக்குத் தூக்கம் வந்துவிடும். ஈறு வலிக்கிற நாளில் குளிர்ந்த கேரட் நல்லது. சுத்தமான பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு, உறைய வைத்தும் கொடுக்கலாம். நூல் பிரிந்து விழுங்கிவிடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு பொருள்களை வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். நான்கு நாள் கழித்து வரும் பழைய பொம்மை குட்டிக்குப் புதுப் பொம்மைதான்.

கொடுக்கும் பொருள் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும். கல் போலிருக்கும் எலும்பும் கொம்பும் பல்லை உடைத்துவிடும். சமைத்த எலும்பைக் கொடுக்கவே கூடாது. அது சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பழைய செருப்பையும் கொடுக்காதீர்கள். எது பழைய செருப்பு, எது நேற்று வாங்கிய செருப்பு என்று குட்டிக்குத் தெரியாது. இரண்டிலும் இருப்பது தோலும் உங்கள் வாசனையும்தான்.

மூன்றாவது, பிடுங்காதீர்கள், பண்டமாற்று செய்யுங்கள். குட்டி கால்மிதியைக் கவ்விக்கொண்டு ஓடினால் நாம் துரத்துவோம். அதைவிட நல்ல விளையாட்டு அதற்குக் கிடையாது. நாம் ஒரு முனையை இழுத்தால் அது மறுமுனையை இழுக்கும். அதற்கு அது இன்னும் நல்ல விளையாட்டு. நாங்கள் என்ன செய்தோமென்றால், குரலை உயர்த்தாமல் உட்கார்ந்து, ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழியை அவள் மூக்கருகே கொண்டுபோய் 'விடு' என்போம். கோழிக்காக வாய் திறந்ததும் கால்மிதி விழும். கோழியைக் கொடுத்துவிட்டு, உடனே அவளுடைய ரப்பர் பொம்மையை நீட்டுவோம். அதைக் கடிக்க ஆரம்பித்ததும், "சமத்து" என்று தடவிக் கொடுப்போம். பத்து நாளில் 'விடு' என்ற சொல் அவளுக்குப் பழகிவிட்டது. பின்னாளில் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெருவில் ஒரு நாள் புரிந்தது: குப்பையோரம் கிடந்த கோழி எலும்பை, அந்த ஒரு சொல்லுக்காகக் கீழே போட்டாள்.

குட்டி சும்மா தன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நாம் கவனிப்பதே இல்லை. சோபாவைத் தொட்டால்தான் ஓடி வருகிறோம். அதற்கு என்ன புரியும்? அந்த அமைதியான நேரத்தில்தான் அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

கையையும் காலையும் கவ்வி விளையாடுவதையும் இதே வழியில் திருத்தலாம். கையை வைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். நடுவில் எப்போதும் ஒரு கயிறோ பொம்மையோ இருக்கட்டும். பல் அழுத்திப் பட்டால் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். விளையாட்டு போய்விடுகிறது என்பதே குட்டிக்குப் போதுமான பாடம்.

நான்காவது, தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டும். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குக் குட்டி பேய் பிடித்தது போல ஓடி, கண்டதையெல்லாம் கடித்தால், பல நேரம் அது தூக்கம் கெட்ட அலுப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சி, பகல் முழுக்க அதைத் தூங்கவிடாமல் செய்திருப்போம். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் நன்றாக விளையாட்டு, தடுப்பூசிகள் முடிந்ததும் நடை, பிறகு கடிக்க ஒரு பொருள், பிறகு அமைதியான மூலையில் தூக்கம் என்று வரிசைப்படுத்தியதும் எங்கள் வீட்டில் பாதிச் சேதம் நின்றது.

கசப்பு தடவலாமா என்று பலர் கேட்பார்கள். எங்கள் அம்மாவும் கேட்டார். விரல் சூப்புகிற பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவிய கை அது. நாய்களுக்கென்றே கசப்புத் தெளிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்தும் தெளிக்கலாம். துணியிலும் மரத்திலும் கறை படியுமா என்று மறைவான ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசனை போகப் போகத் திரும்பத் தெளிக்க வேண்டும். சில குட்டிகள் அதையும் நக்கிவிடும். கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடி போலத் தூக்கி வைக்க முடியாதவற்றுக்கு இது ஒரு துணை. மிளகாய்ப்பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் ஏறி அந்தச் சின்ன உயிர் படும் பாட்டைப் பார்க்க முடியாது.

இனி, குஷனைவிடப் பெரிய கவலை ஒன்று. குஷன் போனால் வாங்கிக்கொள்ளலாம். குட்டி கடிக்கும் சில பொருள்கள் உயிரை வாங்கும். மின்சாரம் ஓடும் சார்ஜர் ஒயரை முதலில் அப்புறப்படுத்துங்கள். ரிமோட்டிலும் பொம்மைகளிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி தொண்டையை அரித்துவிடும். எலி மருந்து, கொசுவர்த்திச் சுருள், துணி அலமாரியின் பாச்சை உருண்டை, நாம் போடும் மாத்திரைப் பட்டை எல்லாமே எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சாக்லேட், திராட்சை, பாயசத்தில் போடும் உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. செடிகளில் அரளி மிகவும் ஆபத்தானது. அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். அலங்காரத்துக்கு வைக்கும் சைக்கஸ் ஈரலைக் கெடுக்கும். மணி பிளான்ட் வாயையும் தொண்டையையும் எரிச்சலூட்டி வீங்கவைக்கும்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அதுவே ஆபத்தாகலாம். தின்ற பொருளின் உறையையோ மீதித் துண்டையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எலி மருந்தில் சில வகை, நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று காத்திருக்க வேண்டாம். சாக்ஸோ துணியோ விழுங்கிய குட்டி திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, சாப்பிடாமல், சுருண்டு படுத்தால் குடல் அடைபட்டிருக்கலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுத்துவிடாதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அருகிலுள்ள மருத்துவரின் எண்ணைக் குட்டி வந்த அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வைத்துவிடுங்கள்.

எல்லாக் கடியும் பல் மாறுவதால் வருவதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் வெளியே போனபோது மட்டும் கடிக்கிறது, அதுவும் கதவையும் சன்னல் சட்டத்தையும் பிறாண்டுகிறது, ஊளையிடுகிறது, எச்சில் ஒழுகத் தவிக்கிறது என்றால், அது தனிமைப் பயம். அதற்குப் பொம்மை போதாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று மெல்ல மெல்லத் தனியாக இருக்கப் பழக்க வேண்டும். மருத்துவரின் துணையும் வேண்டியிருக்கும். சுவரின் சுண்ணாம்பையும் மண்ணையும் விடாமல் தின்கிறது என்றால் குடற்புழுவோ சத்துக்குறைவோ இருக்கலாம். ஏழு மாதம் தாண்டியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால், அதையும் காட்டிவிட வேண்டும்.

மாசி மாதம் ஒரு காலையில் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, ஜமக்காளத்தின் மடிப்பிலிருந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய, வளைந்த வெள்ளைப் பல். பொரியின் கோரைப்பல். பெரும்பாலும் குட்டிகள் விழுந்த பல்லை விழுங்கிவிடும். நம் கண்ணில் படுவது அபூர்வம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாடிப்படி ஏறிப் போனார். நானும் மகளும் பின்னாலேயே போனோம். என் பால் பல்லையும், போன வருடம் என் மகளின் பல்லையும் எறிந்ததைப் போலவே, அதைப் படிக்கட்டு அறையின் கூரைமேல் எறிந்தார். "நல்ல பல்லா முளைக்கட்டும்" என்றார். மாடியில் கட்டிப் போடச் சொன்னவர் அவர்தான். அதன்பிறகு பொரியின் ரப்பர் பொம்மைக்குத் தயிர்சாதம் அடைப்பது அம்மாவின் வேலையாயிற்று.

சித்திரை பிறந்தபோது பொரிக்கு 42 பற்களும் வந்துவிட்டன. கடிப்பது நிற்கவில்லை, கடிக்கும் பொருள் மாறிவிட்டது. சோபாவைத் தாண்டிப் போய்த் தன் பொம்மையை எடுத்து வருகிறாள். பிரம்பு பின்னுகிறவரை வரவழைத்து அப்பாவின் நாற்காலிக்குப் புதுக் கைப்பிடி சுற்றினோம். அரை நாள் வேலை. அது மறுபடி சன்னலோரம் வந்துவிட்டது.

அரை நாளில் சரியாகிற ஒரு பொருளுக்காக ஒரு குட்டியை மாடியில் கட்டிப்போட இருந்தோம் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. நம் ஊர் மொட்டை மாடிகளிலும் கேட்டுக்குப் பின்னாலும் ஆயுள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்கள் உண்டு. அவற்றில் எத்தனை நாய்கள், நான்கு மாத வயதில் ஒரு சோபாவைக் கடித்ததற்காக அங்கே போயிருக்கும்! 'சமாளிக்க முடியவில்லை' என்று ஊர் எல்லையில் இறக்கிவிடப்படும் குட்டிகளும் பெரும்பாலும் இந்த வயதுதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டிப்போட்டு நடைகூடக் கொடுக்காமல் நாயை வைத்திருப்பதையும், பசிக்கும் தாகத்துக்கும் விட்டு நிராதரவாகக் கைவிடுவதையும் குற்றமாகவே சொல்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இன் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி, அந்தப் பாடத்தை நம் கையிலும் நம் நாற்காலியிலும் கற்க வேண்டியிருக்கிறது.

குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குக் கொண்டுவருமுன், நான்கைந்து மாதம் உங்கள் வீடு கொஞ்சம் கலைந்து கிடக்கச் சம்மதமா என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். பகலில் குட்டியோடு இருக்கப் போகிறவர்கள் அவர்கள். சம்மதமில்லையென்றால் இன்னும் சில வருடம் பொறுத்திருங்கள்.

ஏற்கெனவே குட்டி வந்து, இன்று காலையில் ஏதோ கிழிந்து, இந்தப் பக்கத்தைக் கோபத்தோடு படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்து போய் அதன் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தால், பிரிட்ஜில் ஒரு கேரட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்